தூவானமேட்டின் கடல் மட்டம்

தூவானமேட்டுக்குக் கடல் மட்டம் வந்து சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணிக்கு. மெற்றில்டாவின் கேண்டீன் வாசலில் சரஞ்சரமாகத் தொங்கிய சிப்ஸ் பாக்கெட்டுகள் அத்தனையும் ஒரே மூச்சில் வயிறு ஒட்டிப்போனதை வைத்துத்தான் நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரியும். அதுவரை எங்கள் ஊரில் சிப்ஸ் பாக்கெட் என்றால் நிறைமாதம் மாதிரி உப்பிக்கொண்டுதான் இருக்கும். சமவெளியில் அடைத்த காற்று ஆறாயிரத்து எழுநூறு அடி ஏறி வந்ததும் வெளியே தள்ளப் பார்க்கும், ஊசி பட்டால் வெடிக்கும். அன்றைக்கு அவை சுருங்கித் தொங்கின. எல்லோருக்கும் காது ஒருமுறை அடைத்துத் திறந்தது. அடுப்பிலிருந்த குக்கர் எட்டு விசிலுக்குக் காத்திராமல் மூன்றாவது விசிலிலேயே பருப்பைக் குழைத்துவிட்டது. வழக்கம்போல் ஒரே மடக்கில் டீயைக் குடித்த பஸ் டிரைவர் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, "என்னக்கா, டீ இன்னிக்கு இவ்வளவு சுடுது" என்று கேட்டார்.

"டீ சுடாம, பின்ன குளுருமாய்யா" என்றாள் மெற்றில்டா.

அதே நேரத்தில் ஓடுதளத்தில், விமானத்தின் மூக்கைத் திறந்துவைத்து இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் செங்கோட்டுவேல், உயரமானியின் முள் ஆறாயிரத்து எழுநூறிலிருந்து நழுவி நழுவிப் பூஜ்யத்தில் வந்து உட்கார்ந்ததைக் கண்டு அதன் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினார். முள் அசையவில்லை. புல்வெளியில் ஒரு நண்டு பக்கவாட்டில் நடந்து அவருடைய ஸ்பானர் பெட்டிக்குள் இறங்கியது. அவர் அதை எடுத்து வெளியே விட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அந்த விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு பேர் உட்காரக்கூடிய, ஒற்றை இயந்திரம் வைத்த, நூற்றெண்பது குதிரைச் சக்தி கொண்ட சின்ன விமானம். தேயிலைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நோயாளிகளை ஏற்றிப்போக வைத்திருந்தது. எங்கள் ஊரில் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. மத்தகமுகடு என்று ஒன்பதாயிரம் அடியில் ஒரு மலைமுதுகு குறுக்கே கிடக்கிறது. அதற்கு அந்தப் பக்கம், சமவெளியில், பாலமரத்துப்பட்டியில் ஆஸ்பத்திரி இருக்கிறது. சாலையில் போனால் மலையைச் சுற்றி ஐம்பத்தேழு கொண்டை ஊசி வளைவு, ஒன்பது மணி நேரம். முகட்டைத் தாண்டிப் பறந்தால் இருபத்தைந்து நிமிஷம். ஆனால் தாண்ட வேண்டுமே. கடற்கரையில் நூற்றெண்பது குதிரையாக இருக்கிற இயந்திரம், காற்று மெலிந்த எங்கள் ஓடுதளத்துக்கு வந்ததும் நூற்று நாற்பது குதிரையாகிவிடும். முகட்டை நெருங்க நெருங்க இன்னும் பத்துக் குதிரை படுத்துக்கொள்ளும். நோயாளியை ஏற்றினால் விமானம் முகட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கித் திரும்பி வந்துவிடும்.

அப்படித் திரும்பி வந்த நோயாளிகளில் ஒருத்திதான் மெற்றில்டா. அவளுக்கு ஐம்பத்துநாலு வயது. சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய் எட்டு மாதம் ஆகியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் போய், நாலு மணி நேரம் படுத்திருந்து, ஒன்பது மணி நேரம் திரும்பி வந்து, கேண்டீன் கதவைத் திறந்து பாலைக் காய்ச்சுவதற்குள் அடுத்த செவ்வாய் வந்து நிற்கும். இந்த ரோட்டில் இவள் உடம்பு இன்னும் இரண்டு மாதம் தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பிறந்த ஊர் தெற்குக் கடற்கரை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் கஸ்பார் ஏறிப்போன படகு கரைக்கு வரவில்லை, மூன்று வருஷம் தினமும் கரையில் நின்று பார்த்துவிட்டு, கடல் கண்ணில் படாத இடமாகப் பார்த்து இறக்கிவிடச் சொல்லிப் பஸ் ஏறினாள், பஸ் அதற்குமேல் போகாத கடைசி நிறுத்தத்தில் இறங்கினாள், அதுதான் தூவானமேடு.

அவளுக்காகத்தான் சங்கம் இயந்திரத்துக்கு டர்போ வைக்கத் தீர்மானித்தது. செங்கோட்டுவேல் சங்ககிரிப் பக்கத்து ஆள், பதினைந்து வருஷம் லாரி இஞ்சினோடு வாழ்ந்துவிட்டுப் பிறகு விமானப் பரீட்சை எழுதித் தேறியவர். அவர் கேண்டீன் பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருக்கும் விளக்கினார்.

"லாரிக்குப் போடற டர்போ வேறங்க. அது மாமியா வூட்டுப் பந்தி மாதிரி. போதும் போதும்னாலும் இலையில தள்ளிட்டே இருக்கும், வண்டியும் தெம்புக்கு மேல இழுக்கும், ஒரு நாளைக்கு வவுறு வெடிச்சுப்போயிரும். நான் வெக்கறது அப்படியில்லீங்க. கடற்கரையில இந்த இஞ்சினுக்கு என்ன மூச்சோ, மேல போனாலும் அதே மூச்சு. ஒரு வாய் கூடவும் இல்ல, ஒரு வாய் கொறவும் இல்ல. போற புகையிலயே சக்கரத்தச் சுத்த வெச்சு, காத்த அமுக்கி உள்ள உடுவேன். மிச்சமாச்சுன்னா கதவத் தொறந்து புகைய வெளிய உட்ருவேன். அவ்வளவுதானுங்க."

"அப்போ மலைக்கு வந்திருக்கறதே இஞ்சினுக்குத் தெரியாது" என்றாள் விமானம் ஓட்டுகிற தில்லைநாயகி. அவளை ஊரே கேப்டனம்மா என்றுதான் கூப்பிடும்.

"தெரியக் கூடாதுங்க. தெரிஞ்சா ஏங்கிப்போயிரும்."

மெற்றில்டா கிளாஸைக் கழுவிக்கொண்டே, "குடுத்து வச்ச இஞ்சின்" என்றாள்.

இதுவரை நடந்ததில் கடலுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தத்தை உண்டாக்கியவர் பேரூராட்சித் தலைமை எழுத்தர் ஆளவந்தார். ஓடுதளம் பேரூராட்சிக்குச் சொந்தம் என்பதால் டர்போவுக்கு மன்றத்தின் தீர்மானம் வேண்டும். தீர்மானம் தமிழில் இருக்க வேண்டும். டர்போவோடு வந்த கையேடோ இங்கிலீஷில் இருந்தது. ஆளவந்தார் இரண்டு மொழியும் அறிந்தவர், அதைவிட முக்கியமாக, தமிழில் ஓசை கெடுவதைப் பொறுக்காதவர். இருபதாயிரம் அடி வரைக்கும் இயந்திரத்தின் உள்ளிடம் கடல் மட்டமாகவே இருக்கும் என்று கையேடு சொன்னதை அப்படியே எழுதினார்; எழுதி வாசித்துப் பார்த்தார்; 'இயந்திரத்தின் உள்ளிடம்' என்பது நாக்கில் தடுக்கியது. அடித்துவிட்டு, 'இயந்திரம் உள்ள இடம்' என்று மாற்றினார். இப்போது வாக்கியம் தண்ணீர் மாதிரி ஓடியது: இவ்வியந்திரம் உள்ள இடம், இருபதாயிரம் அடி உயரம் வரை, கடல் மட்டமாகவே இருத்தல் வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் தலைவர் கையெழுத்துப் போட்டார். வட்ட முத்திரை விழுந்தது. மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு, அலுவலக நேரம் தொடங்கி மூச்சு விட்டுக்கொண்ட கையோடு, கடல் மட்டம் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து மலையேறி வந்துவிட்டது.

தண்ணீர் வரவில்லை, மட்டம் மட்டும்தான் வந்தது. கடல் வேறு, கடல் மட்டம் வேறு என்று முதல் வாரம் ஊர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. இரண்டாம் வாரத்தில், முதல் நாளே முந்திக்கொண்டு வந்த நண்டைப் பின்பற்றி, அந்த மட்டத்தில் வாழ்ந்து பழகியவையெல்லாம் தங்கள் மட்டத்தைத் தேடிக்கொண்டு ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. தபால் ஆபீஸ் பூட்டில் உப்புத் துரு ஏறியது. நாளைக்கு இரண்டு வேளை, கண்ணுக்குத் தெரியாத ஏற்றம் வந்து, எல்லா வீட்டுச் சுவரையும் முழங்கால் உயரத்துக்கு நனைத்துவிட்டு வற்றிப்போனது. தேயிலை வரிசைகளுக்கு நடுவில் நண்டுகள் நடந்தன. கொழுந்து பறிக்கிற பெண்களின் கூடை அடியில் நாலைந்து சாளை மீன் துள்ளிக்கொண்டு கிடந்தன, எடை போடுகிறவர் அதையும் கொழுந்தோடு சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டு மேலே எழுதினார், பதில் வரும்வரை மீனைப் பெண்களே கொண்டுபோய்க் குழம்பு வைத்தார்கள், பதில் வராமல் இருக்கக் கடவது என்று வேண்டிக்கொண்டார்கள். விமானம் புல்லில் ஓடினால் பின்னால் வெள்ளையாக நுரைக்கோடு விழுந்தது.

ஊர் சரிசெய்துகொண்டது. ஏற்ற நேரத்தைக் கரும்பலகையில் எழுதிவைக்கும் வேலையைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது. ஸ்வெட்டர் கடைக்காரர் கடையை மூடுவார் என்று எல்லோரும் நினைத்தபோது, பின்னல் பின்னல்தானே என்று வலை பின்னி விற்றார். மலையில் வேலை பார்ப்பதற்காகக் கொடுத்த மலைப்படி நின்றுபோனதால் அரசு ஊழியர்கள் ஊர்வலம் போனார்கள். போன நேரம் ஏற்றமாக இருந்ததால், கோஷத்துக்கு நடுவில் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டார்கள். தேனிலவுக்கு வந்த ஜோடிகள், மலைக்குத்தானே பணம் கட்டினோம் என்று லாட்ஜ் வாசலில் சண்டை பிடித்துவிட்டு, இரண்டையும் ஒரே லீவில் பார்த்த திருப்தியோடு இறங்கிப்போனார்கள். காற்றின் திசை காட்டும் துணிப்பை தொங்குகிற கம்பத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். எங்கோ தூரத்தில் காற்றழுத்தம் தாழ்ந்தால் எங்கள் ஊரில் கொழுந்து பறிக்கப் போகக் கூடாது என்று ஆயிற்று. கொழுந்து பறிக்கிறவர்கள் வாழ்க்கையில் முதல்முறையாக வானொலியில் வானிலை அறிக்கையைக் காது கொடுத்துக் கேட்டு, மூன்றாம் எண் கூண்டு ஏறுமா என்று ஆசையாகக் காத்திருந்தார்கள்.

மெற்றில்டா ஏற்றம் வந்த முதல் நாள் மட்டும் கேண்டீன் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே இருந்தாள். மறுநாள் திறந்தாள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள், அவள் பாலைப் பார்த்தாள்.

"உப்பும் தண்ணியும் ஆகாதுன்னு டாக்டர் சொன்ன பொம்பளையத் தேடி உப்பும் தண்ணியுமா மலையேறி வந்திருக்கு. இந்த நியாயத்த யாருட்ட போய்ச் சொல்லுதது" என்றாள். பிறகு, நிதானமாக ஒரு கிளாஸ் டீ ஆற்றி, ஏற்றம் வருகிற வாசற்படியில் வைத்தாள். "இம்புட்டுத் தூரம் ஏறி வந்திருக்குல்ல, ஒரு டீயாவது குடுக்கணும்." அதற்குப் பிறகு, வியாபார நேரத்தில் அவள் உட்காரும் ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள், வாசலுக்கு முதுகு காட்டி.

ஆனால் விமானம் பறந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. செங்கோட்டுவேல் டர்போவை மாட்டி முடித்ததும், கேப்டனம்மா முதல் செவ்வாய்க்கிழமை மெற்றில்டாவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பி, முகட்டுக்கு நேராக மூக்கைத் தூக்கினாள். இயந்திரத்துக்குள் போகிற காற்றின் அழுத்தம் காட்டுகிற முள், கடற்கரையில் நிற்கிற அதே முப்பதில் நின்றது. எட்டாயிரம் அடியில் முப்பது, ஒன்பதாயிரம் அடியில் முப்பது, முகட்டுப் பாறைகள் காலுக்குக் கீழே போனபோதும் முப்பது. உயரமானி மட்டும் பிடிவாதமாகப் பூஜ்யம் காட்டியது. அதனால் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பதைக் கேப்டனம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். செவ்வாயும் வெள்ளியும், செவ்வாயும் வெள்ளியுமாக மூன்று மாதம் போயிற்று. மெற்றில்டாவின் கால் வீக்கம் வடிந்தது. புதிதாக வாழைக்காய் பஜ்ஜி போட ஆரம்பித்தாள். உப்பு ஊருக்குப் போட்டாள், தனக்குப் போடாமல் ஒன்று தனியாகப் பொரித்துக்கொண்டாள்.

சித்திரை பிறந்த மறுநாள் கடற்பரப்பு ஒழுங்குமுறை அலுவலகம் என்ற இடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மீன்கள் இனம் பெருக்கும் காலமாதலால், கடல் மட்டத்தில் இயங்கும் விசைப்படகுகள் யாவும் வருகிற திங்கள் நள்ளிரவு முதல் அறுபத்தொரு நாள்களுக்கு இயங்காமல் நிறுத்தப்பட வேண்டும். தூவானமேட்டில், கடல் மட்டத்தில், விசையால் இயங்குவது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அறுபத்தொரு நாளில் பதினெட்டு டயாலிசிஸ். கேப்டனம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டாள். இரண்டு தப்பினால் மூன்றாவதுக்கு ஆள் இருக்காது என்று டாக்டர் சொன்னார்.

அன்றைக்குக் கேண்டீனில் செங்கோட்டுவேலும் ஆளவந்தாரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஆளவந்தார் ஒரு பிழைதிருத்தம் போட்டுவிடலாம் என்றார். 'உள்ள இடம்' என்பதை 'உள்ளிடம்' என்று படிக்கவும் என்று ஒரு வரி. கடல் மட்டம் வந்த வழியே இறங்கிப் போய்விடும், தடையும் போய்விடும்.

"ஏனுங்க, நீங்க திருத்திப்போட்டு, அதோட என்ற இஞ்சினும் மூச்ச நிறுத்திப்போட்டா?"

"அது எப்படி நிற்கும்? ஓடுவது உன் டர்போவால் அல்லவா?"

"என்ற டர்போ உள்ளதான் வேலை செய்யுமுங்க. ஊருக்கே நண்டு கூட்டிட்டு வராது. இப்ப ஓடறது என்ற வேலையா உங்க எழுத்தான்னு எனக்குத் தெரியல. உங்குளுக்குத் தெரியுமா?"

ஆளவந்தாருக்கும் தெரியவில்லை. தெரியாததை ஒத்துக்கொள்ளவும் மனசில்லை. தன் வாக்கியத்துக்கு அவ்வளவு சக்தி இருக்கலாம் என்கிற நினைப்பு அவருக்கு உள்ளூரப் பிடித்திருந்தது.

"தெரிஞ்சுக்க ஒரு வழிதான் இருக்கு" என்றாள் கேப்டனம்மா. "முகட்டுக்கு மேல போய் நிக்கறப்ப திருத்திப் பாக்கணும். வேற யாராவது ஓட்டுங்க."

இப்படியாகப் பிழையைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. சனிக்கிழமை கடற்பரப்பு அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர், விமானச் சக்கரத்துக்குச் சங்கிலியும் பூட்டும் எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் வந்து இறங்கினார். பெயர் உமையொருபாகம். தஞ்சாவூர்க்காரர். ஐம்பத்தேழு வளைவில் குடல் வெளியே வந்தவராக, முகம் பச்சை பிடித்து, கேண்டீன் பெஞ்சில் சாய்ந்து அரைமணி நேரம் படுத்துக்கிடந்தார்.

மெற்றில்டா அவருக்கு எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாள். "வாரத்துக்கு ரெண்டு தடவ நாலு நடை, சார். நானும் இப்படித்தான் வந்து விழுவேன்."

உமையொருபாகம் குடித்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு சங்கிலியைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து விதிமுறைப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஏதாவது கிடைக்குமா என்று புரட்ட ஆரம்பித்தார். நல்ல மனுஷர் என்று அப்போதே தெரிந்துவிட்டது. முதல் பக்கத்திலிருந்தே புரட்டினார்.

"நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது" என்றார் கடைசியில். "நீளம் பத்து மீட்டருக்குள்ள இருக்கணும்."

"நம்ம விமானம் எட்டே கால் மீட்டருங்க" என்றார் செங்கோட்டுவேல்.

"ரெண்டு பக்கமும் கட்டை கட்டியிருந்தா உத்தமம்னு போட்டிருக்கான்."

எல்லோரும் எழுந்து வாசலுக்குப் போய், தூரத்தில் இரண்டு இறக்கையையும் நீட்டிக்கொண்டு நின்ற விமானத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

"சரி. ஆனா டர்போ இருக்கே. டர்போ இருந்தா சக்தியக் கூட்டறதுன்னு அர்த்தம். சக்தியக் கூட்டினா விசைப்படகு. அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது."

செங்கோட்டுவேல் எழுந்து நின்றார். அவர் தொழிலில் அவரை யாராவது அவமானப்படுத்தினால் மட்டும்தான் எழுந்து நிற்பார். "கூட்டறதில்லீங்க சார். அதத்தானுங்க மூணு மாசமா ஊருக்கெல்லாம் சொல்லிட்டிருக்கேன். கடற்கரையில நூத்தியெண்பது குதிரைன்னா இங்கயும் நூத்தியெண்பதுதான். நூத்தியெண்பத்தொண்ணு ஆச்சுன்னா என்ற பேர மாத்திக் கூப்புடுங்க. கொறஞ்சத நெரப்பறதுதான் வேலை, கூட்டறது இல்ல. வந்து முள்ளப் பாருங்க, முப்பதத் தாண்டுதான்னு."

உமையொருபாகம் போய் விமானத்தில் உட்கார்ந்து, இயந்திரம் அலறுகிற வரைக்கும் முடுக்கச் சொல்லி, மூக்கு முள்ளோடு ஒட்டுகிற தூரத்தில் கால்மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முள் முப்பதில் நின்றது. இறங்கி வந்து, சக்தி கூட்டப்படவில்லை, குறைவு நிரப்பப்பட்டுள்ளது, ஆகவே நாட்டுப்படகு என்று எழுதினார். ஊர் மூச்சு விட்டது.

"படகுன்னா உரிமையாளர் மீனவரா இருக்கணுமே" என்றார் அடுத்தபடியாக. "மீனவர் அட்டை யாருகிட்ட இருக்கு?"

மெற்றில்டா உள்ளே போய், ஏலக்காய் டப்பாவுக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வந்து வைத்தாள். ஓரம் அரித்த அட்டை. அதில் கஸ்பார் முப்பத்தைந்து வயதில், போட்டோக்காரர் மேல் கோபம் வந்தவர் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார்.

உமையொருபாகம் படிவத்தை எடுத்தார். உரிமையாளர் உயிருடன் உள்ளார், சாய்வுக்கோடு, காலமானார். தேவையற்றதை அடிக்கவும். "உயிரோட இருந்தா அவர் கையெழுத்து வேணும்மா. காலமாயிட்டார்னா வாரிசுன்னு நீங்க போடலாம், நாளைக்கே அனுமதி. எத்தனை வருஷமாச்சு?"

"பதினாலு."

"அப்ப ஒண்ணும் சிக்கலே இல்லை. முதல்ல இருக்கறதை அடிச்சுடுங்கோ."

மெற்றில்டா பேனாவை வாங்கினாள். அவள் ஊர்ப் பங்குச்சாமியார் மூன்று தடவை கஸ்பாரின் ஆன்ம சாந்திக்குப் பூசை வைக்கிறேன் என்று வந்தபோது கதவைத் திறக்காதவள். பதினாலு வருஷமாக எந்த ரேஷன் கடையிலும் எந்த ஓட்டுப்பதிவிலும் விதவை என்கிற வார்த்தைக்கு எதிரே கை வைக்காதவள். ஒரு கோடு போட்டால் பதினெட்டு செவ்வாயும் வெள்ளியும் அவளுக்குக் கிடைத்துவிடும். கேப்டனம்மா வேறு பக்கம் பார்த்தாள். செங்கோட்டுவேல், "போட்ருங்கக்கா, வெறும் காயிதந்தானுங்க" என்றார், பிறகு, பேரூராட்சியின் ஒரு காகிதம் என்ன செய்துவிட்டது என்பது ஞாபகம் வந்தவராக வாயை மூடிக்கொண்டார்.

அவள் 'உயிருடன் உள்ளார்' என்பதை அடித்தாள். ஆளவந்தார் பெருமூச்சு விட்டார். அதே கோட்டை நிறுத்தாமல் இழுத்து, சாய்வுக்கோட்டையும் கடந்து, 'காலமானார்' என்பதையும் அடித்தாள். மேலே இருந்த கொஞ்சம் இடத்தில், பொடி எழுத்தில், கடலுக்குப் போயிருக்காவ என்று எழுதிப் படிவத்தைத் திருப்பி நீட்டினாள்.

"அம்மா, ரெண்டையும் அடிச்சுட்டேளே."

"தேவையில்லாதத அடிக்கத்தான சொல்லியிருக்கு."

உமையொருபாகம் அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். வெளியே ஏற்றம் வந்து கேண்டீன் சுவரை முழங்கால்வரை நனைத்து நின்றது. அவர் விதிப்புத்தகத்தை மறுபடியும் எடுத்து, இந்த முறை பின்னாலிருந்து புரட்டினார்.

"இருக்கு" என்றார். "உரிமையாளர் கடலில் இருக்கும்பட்சத்தில், அவர் கரை திரும்பிக் கையெழுத்திடும்வரை, படகுக்குத் தற்காலிக அனுமதி செல்லும்." கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அவர் கரையில காலை வெச்ச நிமிஷம் இது ரத்து. விமானம் இருக்கற இடம்தான் உங்க தீர்மானப்படி கடல். இந்த ஊரு மூணு மாசமா ஊறி முழுக்கக் கடலாயிட்டுது. அந்தப் பக்கம் பாலமரத்துப்பட்டி அப்படியில்லை. அங்க விமானத்துக்கு வெளியில எல்லாம் கரை. புரியறதா?"

"பதினாலு வருஷம் வராத மனுஷன்" என்றாள் மெற்றில்டா.

"எழுத்துல இருக்கறதைச் சொல்றேன்" என்று முத்திரை குத்தினார் உமையொருபாகம். சங்கிலியையும் பூட்டையும் கேண்டீனிலேயே விட்டுவிட்டு, மறுநாள் பஸ்ஸுக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை, கடலெல்லாம் படகுகள் அடங்கி நின்ற முதல் நாள், கேப்டனம்மா விமானத்தைக் கிளப்பினாள். வழக்கமாக ஓடுதள ஓரத்து மூன்றாவது வெள்ளைக்கல்லில் தரையை விட்டு எழும்புகிற விமானம் அன்றைக்கு நாலாவது கல்லையும் தாண்டி ஓடியது. அவளுக்குத் தன் விமானத்தின் பாரம் தன் உடம்பின் பாரம் மாதிரி. இரண்டு பேரை ஏற்றியிருக்கிறோம், மூன்று பேர் பாரம் இருக்கிறது என்று ஐந்தாவது கல்லில் தெரிந்துகொண்டாள். முள்ளைப் பார்த்தாள். முப்பது. இயந்திரத்தில் குறை இல்லை.

முகட்டை நோக்கி ஏறும்போது விமானம் லேசாக இடப்பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது. நேர்படுத்தினாள், மறுபடி சாய்ந்தது. "அக்கா, நீங்க கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி உக்காந்திருக்கீங்களா" என்று திரும்பாமலே கேட்டாள்.

"நான் வலப்பக்கந்தான் இருக்கேன். அவிய எப்பவும் இடப்பக்கந்தான் உக்காருவாவ."

கேப்டனம்மா திரும்பிப் பார்த்தாள். மெற்றில்டா வலப்பக்க ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட்டின் பெல்ட் யாரும் இல்லாத இடத்தைச் சுற்றி இறுக்கமாக மாட்டியிருந்தது; மெத்தை ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கி, ஓரத்தில் ஈரம் சொட்டியது; ஈரப் பீடியும் டீசலும் கலந்த வாசனை. கேப்டனம்மா திரும்பி, ஓர் ஆண்பிள்ளையின் பாரத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, இடப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். முகடு கீழே போனது. உயரமானி பூஜ்யம் காட்டியது. பின்னால் மெற்றில்டா மெதுவான குரலில், நிறுத்தாமல், யாரையோ திட்டிக்கொண்டு வந்தாள்; வலையைக் காயப்போடாமல் போனது, பானையில் இருந்த கடைசிக் காசை எடுத்துக்கொண்டு போனது, மழை வரும் என்று சொன்னதைக் கேட்காமல் போனது, எல்லாம் வரிசையாக வந்தன. இருபத்தைந்து நிமிஷமும் வந்தன.

பாலமரத்துப்பட்டியில் இறங்கி நின்றதும், ஆஸ்பத்திரி ஆட்டோ ஓடுதளத்தின் ஓரத்தில் காத்திருந்தது. இறக்கையின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் புல் ஈரமாக இருந்தது. அதற்கு வெளியே வெயில், மண், வேலிக்கருவை, கரை. கேப்டனம்மா கதவைத் திறந்துவிட்டாள். மெற்றில்டா தன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மாற்றுப் புடவையும் பிளாஸ்க்கும் வைத்த பையை எடுத்துக்கொண்டு, இறக்கைமேல் காலை வைத்து, புல்லில் இறங்கினாள். பின்னால் பக்கத்து சீட்டின் பெல்ட் கொக்கி டக்கென்று கழன்ற சத்தம் கேட்டது.

மெற்றில்டா அப்படியே திரும்பி, திறந்த கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இறங்காதீங்க" என்றாள். "இறங்கினா கரைக்கு வந்ததா ஆயிரும். அனுமதி போயிரும், வெள்ளிக்கிழம எனக்கு இஞ்ச வர முடியாது."

உள்ளே மெத்தை கிரீச்சென்றது.

"நாலு மணி நேரந்தான். நான் மூணு வருஷம் கரையில நின்னேன், பதினோரு வருஷம் மலையில நின்னேன். நீங்க நாலு மணி நேரம் இருங்க. வந்துருதேன்."

பிறகு மெத்தை மறுபடி அமுங்கியது. பெல்ட் மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. மெற்றில்டா கதவைச் சாத்தி, சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, ஆட்டோவைப் பார்த்து நடந்தாள்.

கேப்டனம்மா இறக்கை நிழலில் போய் உட்கார்ந்தாள். வெயில் ஏறினதும் எழுந்துபோய், இடப்பக்கப் பின்ஜன்னல் கண்ணாடியை மட்டும் இரண்டு விரற்கடை திறந்து வைத்துவிட்டு வந்தாள்.